வீட்டுக்கு எப்படிப் போறது?

எங்கள் வெப்சைட்டைப் பார்த்துச் சிரிக்காதவர்கள் குறைவு. பச்சைப் பின்னணி, மேலே ஓடுகிற எழுத்து, மூலையில் மின்னுகிற பிறை. முதன்முதலில் பார்த்தபோது என் கணவரே, "என்ன புள்ள, இது வெப்சைட்டா, பெருநாள் வாழ்த்து மட்டையா?" என்று கேட்டார். கேட்கட்டும். அதை என் கையால் செய்தேன். கொழும்பில் படித்த ஆள் செய்துதந்த அழகான வெப்சைட்டுக்கு வராத ஓடர்கள் அதற்கு வந்தன. அதற்குப் பிறகு எனக்கு யாரும் அழகைப் பற்றிப் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

எங்கள் தொழில் மஸ்கெற் இனிப்பு. கோதுமைப் பாலையும் சீனியையும் தாச்சியில் ஊற்றி, தோள் கழன்று விழும்வரை கிண்டி, எண்ணெய் பிரிகிற நேரம் பார்த்துத் தட்டில் கொட்டி, மேலே கஜுப் பருப்பு பதிக்க வேண்டும். கடல் எங்கள் வீட்டைக் கொண்டுபோன பிறகு வயல் பக்கம் கட்டிய வீட்டுத்திட்டத்தில் எங்களுக்கு ஒரு சின்ன வீடு தந்தார்கள். அந்தக் குசினியில் கிண்டி, கல்முனைச் சந்தைக் கடைகளுக்குக் கொடுத்துவந்தேன். கடைக்காரர்கள் அதைத் தங்கள் கைப்பக்குவம் என்று சொல்லி விற்றார்கள். ஒரு கல்யாண வீட்டில் நான் கிண்டிய மஸ்கெற்றை எனக்கே நீட்டி, இப்படி உங்களுக்குச் செய்ய வருமா என்று ஒரு மாமி கேட்டா. அன்றைக்கு வந்த ஆத்திரம் இன்னும் முழுதாக ஆறவில்லை.

யுத்தம் முடிந்து பாதைகள் திறந்த காலத்தில், கட்டாரில் வேலை செய்கிற என் தம்பி போன் எடுத்தான்.

"ராத்தா, என்ட ரூம்ல இரிக்கிற ஆள்ட உம்மாக்குப் பெருநாளைக்கு ஒரு தட்டு குடுக்கேலுமா?"

கொடுத்தோம். கணவர் தன் ஓட்டோவில் கொண்டுபோய்ச் சேர்த்தார். அந்த உம்மா கட்டாருக்குப் போன் எடுத்து அழுதிருக்கிறா. அவ்வளவுதான், தம்பி தங்கியிருந்த கட்டடத்தில் இருந்த நம்மூர்ப் பிள்ளைகள் எல்லோரும் தங்கள் தங்கள் உம்மாவுக்குத் தட்டுக் கேட்கத் தொடங்கினார்கள். லைன் இழுத்து இழுத்து வரும், பாதிப் பேச்சு காற்றோடு போய்விடும். வெப்சைட் ஒன்று இருந்தால் நல்லது என்ற யோசனை அப்படித்தான் வந்தது. வந்த தைரியத்தில் கடைக்காரர்களிடம் இனிமேல் தரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அவர்களும் வேறு ஆட்களைப் பிடித்துக்கொண்டார்கள். இனி வெப்சைட் ஓடினால்தான் என் அடுப்பு எரியும்.

"தெரிஞ்ச ஆள்ட குடுப்பம். உனக்கென்னத்துக்கு இந்த வேல?" என்றார் கணவர்.

தெரிந்த ஆள் வந்தார். மடிக்கணினியைத் திறந்து, நான் தந்த தேநீரை ஆறவிட்டு, ஏதேதோ தட்டினார். வேலை முடிந்தபோது கண்ணைப் பறிக்கிற அழகு, பொய் சொல்லக்கூடாது. ஆனால் என் மஸ்கெற் இருக்க வேண்டிய இடத்தில் எங்கிருந்தோ எடுத்த ஸ்ட்ரோபெரி கேக்கின் படம் இருந்தது. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஓடர் போடுகிற இடத்தில் வீட்டு இலக்கம், வீதி, தபால் குறியீடு என்று கட்டங்கள் இருந்தன. ஒன்றை விட்டாலும் சிவப்பு எழுத்தில் திட்டியது.

நோன்புப் பெருநாள் வந்தது, போனது. ஒரு ஓடரும் இல்லை.

"ராத்தா, உங்கட வெப்சைட் கேக்கிற நம்பர் இஞ்ச ஒருத்தனுக்கும் தெரியா," என்றான் தம்பி. "உம்மாட்டக் கேட்டா, சுவர்ல மூணு நம்பர் அடிச்சிரிக்கி, எது மகன் எண்டு கேக்காவாம்."

உண்மைதான். வீட்டைக் கட்டித் தந்தவர்கள் ஒரு இலக்கம் அடித்தார்கள், கணக்கெடுக்க வந்தவர்கள் இன்னொன்று அடித்தார்கள், மாநகரசபை வந்து மூன்றாவதை அடித்தது. என் வீட்டு இலக்கம் எதுவென்று என்னிடம் கேட்டால் நானும் வெளியே போய்ப் பார்த்துவிட்டுத்தான் வரவேண்டும். அந்த ஆளுக்குப் போன் எடுத்து, கட்டங்களை எடுத்துவிடுங்கள் தம்பி என்று கேட்டேன்.

"அப்படிச் செய்ய முடியாது. இலக்கம் இல்லாட்டி அது விலாசமா?" என்றார்.

நான் போனை வைத்தேன். இலக்கத்தைப் பார்த்து வீடு தேடுகிற ஊரில் பழகியவர். நம்மூர் உம்மாமாரை இலக்கத்தால் பிடிக்க முடியாது.

அடுத்த நாளே சந்தைக்குப் பக்கத்திலிருந்த நெற் கபேக்குப் போனேன். காசில்லாமல் வெப்சைட் செய்யலாம் என்று அங்கேதான் அறிந்தேன். சமையல் முடிந்த பின்னேரங்களில் போய்க் குந்திக்கொண்டு, அழித்து அழித்துச் செய்தேன். என் மஸ்கெற்றை நானே படம் பிடித்துப் போட்டேன். வெளிச்சம் போதாமல் அது கொஞ்சம் கருப்பட்டி மாதிரி வந்துவிட்டது. இலக்கம், வீதி, குறியீடு எல்லாவற்றையும் தூக்கி எறிந்துவிட்டு ஒரே ஒரு பெரிய கட்டம் வைத்தேன். அதன் மேலே எழுதினேன்: "வீட்டுக்கு எப்படிப் போறது? வாயால சொல்றமாதிரி எழுதுங்க."

ஹஜ்ஜுப் பெருநாள் நெருங்க நெருங்க ஓடர்கள் கொட்டின. நான் அடுப்படியை விட்டு அசைய முடியாதபடியால், கணவர்தான் நெற் கபேக்குப் போய் அவற்றை அச்செடுத்து வருவார். முதல் தாளை வாசித்துவிட்டு அவர் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"என்ன புள்ள இது? ஐஸ் கொம்பனி லேனால போய், பள்ளிக் கிணத்தடிய தாண்டி, வேப்ப மரத்து வீடாம். அந்த லேன் எங்க? மரம் எங்க? எல்லாம் கடலுக்க போய்ட்டு!"

பிள்ளைகள் எழுதியிருந்தது பழைய ஊருக்கு வழி. அலைக்கு முன்பே வெளிநாடு போனவர்களுக்குத் தெரிந்த பாதை அது ஒன்றுதான். பிறகு வந்துபோனவர்களுக்கும் வீடு என்றால் அதுவே வாயில் வந்தது. கணவர் சோர்ந்துபோனார். அந்த ஆளிடமே திரும்பப் போவோம் என்றார். எனக்கு மட்டும் துளியும் பயமில்லை.

"பொறுங்க, நானும் வாறன்," என்றேன்.

பெருநாளுக்கு முதல்நாள் காலையிலேயே ஓட்டோவில் தட்டுகளை அடுக்கிக்கொண்டு கிளம்பினோம். பெருநாள் தொழுகை முடிந்து ஆட்கள் வீடு திரும்பும்போது தட்டு உம்மாவின் கையில் இருக்க வேண்டும். ஒன்று தவறினாலும் அந்தச் செய்தி நமக்கு முன்னே கட்டாருக்குப் போய்விடும். ஒவ்வொரு வீட்டுத்திட்டத்தின் வாசலிலும் இறங்கி, தண்ணீர்க் குழாயடியில் நிற்கிற பெண்களுக்குக் கட்டத்தில் எழுதியதை உரத்து வாசித்தேன்.

"கிணத்தடிய தாண்டி வேப்ப மரத்து வீடு!"

"ஆ, வேப்ப மரத்து மாமியா? அந்தா, கடைசி வரிசைல சிவப்புத் துணி காயுதே, அந்த ஊடு," என்றாள் ஒருத்தி.

அந்தப் புது வீட்டு வளவில் ஒரு பப்பாசிக் கன்றுகூட இல்லை. ஆனால் அவ இன்னும் வேப்ப மரத்து மாமிதான். அப்படியே ஐஸ் கொம்பனி லேன்காரர் கிடைத்தார்கள், வளைஞ்ச தென்னை வீட்டுக்காரர் கிடைத்தார்கள். பக்கத்துத் தமிழ் ஊரான பெரியநீலாவணைப் பிள்ளை ஒருவன், ரூமில் எல்லோரும் தட்டு அனுப்புகிறார்கள் என்று தன் அம்மாவுக்கும் ஒன்று போட்டிருந்தான். யுத்த காலத்தில் முஸ்லிமான என் கணவரின் ஓட்டோ தயங்கிய பாதை அது. கோயிலடியில் நின்று வாசித்தேன், அங்கேயும் அதே விரல் நீட்டல்தான். அந்த அம்மா எங்களுக்கு இளநீர் வெட்டித் தந்துதான் விட்டா. மிச்சத்தைப் பெருநாள் காலையில் வெள்ளனக் கொடுத்து முடித்தோம்.

எனக்கு நிலத்தில் கால் படவில்லை. வீட்டுக்குப் போவோம் என்றேன். "இன்னும் ஒண்டு கிடக்கு," என்றார் கணவர். பின்னால் திரும்பிப் பார்த்தேன். உண்மைதான், ஒரு தட்டு இருந்தது.

கடைசித் தாளை அவர் என்னிடம் தரவில்லை. ஒரு கையில் பிடித்து அவரே வாசித்துக்கொண்டு ஓட்டினார். "ஐஸ் கொம்பனிச் சந்தியால கடல் பக்கம் திரும்புங்க." திரும்பினார். "வலக்கைப் பக்கம் கடைசி வளவு. பச்சைக் கேற். நான் போன்ல சொன்ன அதே பச்சை."

எழுதியவன் என் தம்பி.

எங்கள் பக்கம் வீடு பெண்ணுக்குத்தான். அதைக் கட்டிக் கொடுக்கிற பொறுப்பு உடன்பிறந்தவன் தலையில். என் தம்பி மீசை முளைத்த கையோடு கட்டாருக்குப் போனது எனக்கு வீடு கட்டத்தான். அவன் அனுப்பக் கட்டினோம், கேற்றுக்கு என்ன நிறம் என்று போனில் கேட்டோம். லீவில் வந்து பார்க்க இருந்தான். அதற்கு முன் அலை வந்தது. பிறகு எத்தனை தரம் கூப்பிட்டும், "வந்து எதப் பாக்கிற ராத்தா?" என்றுவிடுவான். தான் கட்டிய வீட்டை அவன் ஒருநாளும் கண்டதில்லை.

வளவில் கிணற்றுக் கட்டு மட்டும் நின்றது. கடலோரத்தில் மறுபடி கட்ட விடாததால் அடம்பன் கொடி படர்ந்து கிடந்தது. கணவர் ஓட்டோவை நிறுத்தி, தாளின் கடைசி வரியையும் வாசித்தார். "குசினிக்குள்ள நிக்கிற ராத்தாட கையில குடுங்க."

தட்டை என் கையில் தந்தார். ஊருக்கெல்லாம் கிண்டியவளுக்குப் பெருநாளைக்குத் தட்டு வந்தது அதுதான் முதல்தரம். குசினி இருந்த இடம் எனக்குத் தெரியும். அங்கே போய் நின்று, ஒரு துண்டு எடுத்து வாயில் போட்டு, வாய் விட்டு அழுதேன். அவர் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பகல் தம்பி போன் எடுத்தான்.

"ராத்தா, தட்டு வந்து சேந்திச்சா? வழி சரியா?"

"ஓம்டா," என்றேன். "நேரா வீட்டுக்கே வந்திச்சி."

 அடுத்த பெருநாளைக்கு லீவு கேட்கிறேன் என்றான்.