தானாய் ஆறிய கிழிசல்

மொபெட்டை நிறுத்தினாலும் செல்வகுமாரி இறங்க மாட்டாள். ஹாரனை இரண்டு முறை அடித்துவிட்டு, "தண்ணி கேன் வந்துடுச்சு, வந்து எறக்கிக்கோ" என்று குரல் கொடுப்பாள். புதிய வாடிக்கையாளர் முகம் சுளித்தால், "நான் தூக்கக் கூடாதுபா. டாக்டரம்மா ஆர்டரு" என்பாள். கிருமாம்பாக்கத்தில் கடலூர் ரோட்டுக் கடைக்காரர்கள் இதற்குப் பழகிவிட்டார்கள். டீக்கடைக்காரர் போண்டாவை எண்ணெயில் விட்டுவிட்டு ஓடி வந்து இறக்குவார்.

போன ஐப்பசி வரை இப்படியில்லை. இருபது லிட்டர் கேனை முழங்காலால் ஒரு எத்து எத்தித் தோளில் ஏற்றிக்கொண்டு மூன்று மாடி ஏறுவாள். நாற்பத்திரண்டு வயது. சர்க்கரை இல்லை, பிரஷர் இல்லை. காய்ச்சல் என்று ஒரு நாள் படுத்தவளில்லை.

அன்று காலை பத்து மணிக்கு, ஒரு வீட்டு மாடிப்படியில் நெஞ்சைக் கவ்விப் பிடித்தது. இடது கை மரத்தது. ரவிக்கை தொப்பலாக நனைந்தது. கேனைச் சிந்தாமல் கீழே வைத்துவிட்டுத்தான் உட்கார்ந்தாள். கேஸாக இருக்கும் என்று சோடா வாங்கிக் குடித்தாள். வலி குறையவில்லை. கரும்புக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்த கணவன் புகழ்வேந்தன் சேற்றுக்காலோடு ஓடி வந்து ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனான்.

ஆஞ்சியோ பார்த்துவிட்டு வந்தார் டாக்டர் அர்ச்சனா. "ஹார்ட் அட்டாக்தான். ஆனா கொழுப்பு அடைக்கல. இதயத்துக்குப் போற ரத்தக்குழாயோட உள்சுவர் தானா கிழிஞ்சிருக்கு. ரத்தம் சுவருக்குள்ள பூந்து வழியை நெரிக்குது."

"ஸ்டென்ட் வெச்சிடுங்கம்மா. எங்க பெரியப்பாக்கு வெச்சாங்க" என்றான் புகழ்வேந்தன்.

"அவருக்கு அடைப்பு. இவங்களுக்குக் கிழிசல். கம்பியை உள்ள விட்டா இன்னும் நீளமா கிழியலாம். ரத்தம் போய்க்கிட்டுதான் இருக்கு. மாத்திரை கொடுத்து, பக்கத்துலயே வெச்சுப் பாத்துக்கலாம். பெரும்பாலும் தானே ஆறிடும். ஓட்டம் நின்னுபோனா ஸ்டென்ட், அதுவும் முடியலைன்னா பைபாஸ்."

"ஒண்ணுமே பண்ணாம இருக்கறது இன்னா வைத்தியம்மா?" என்றான்.

மூன்றாம் நாள் மத்தியானம் வலி திரும்பியது. நர்சுகள் ஓடினார்கள். ஆபரேஷனுக்கு எல்லாம் தயாரானது. டாக்டர் அர்ச்சனா கட்டிலருகே நின்று, அடுத்தடுத்து மூன்று ஈசிஜி எடுத்துப் பார்த்தார். கத்தப் போன கணவனின் கையை செல்வகுமாரி பிடித்தாள்.

"சும்மா இருய்யா. உள்ள வேலை நடக்குது."

கால் மணி நேரத்தில் வலி அடங்கியது. பிறகு அவள் இருமக்கூட யோசித்தாள். நின்ற இடத்தில் நிற்காதவள், தனக்குள்ளே யாரோ குனிந்து உட்கார்ந்து வேலை பார்க்கிறார்கள், அவர்கள் கை தவறிவிடக் கூடாது என்பது போல அசையாமல் கிடந்தாள். ஏழாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். பாரம் தூக்கக் கூடாது, மாத்திரையை விடக் கூடாது, கிழிசல் மறுபடியும் வரலாம், வலித்தால் உடனே வர வேண்டும்.

தொழிலை அவள் விடவில்லை. கம்பெனியிலேயே கேன்களை ஏற்றிவிடுகிறார்கள். புதிதாக ஒரு பழக்கம் மட்டும் ஒட்டிக்கொண்டது. எந்தப் பெண்ணாவது நெஞ்சைத் தடவிக்கொண்டு கேஸ் என்று சொன்னால் போதும். "நானும் சோடா குடிச்சவதான். ஏறு வண்டியில" என்று ஈசிஜி எடுக்கக் கொண்டுபோய் விடுவாள். பூ விற்கும் பவுனம்மாளுக்கு நிஜமாகவே கேஸ்தான் என்று தெரிந்தது. "கேஸுன்னு டாக்டர் சொல்லட்டும், நீ சொல்லாத" என்று அவளைப் பூக்கடையில் இறக்கிவிட்டு அடுத்த கேனுக்குப் போனாள்.

மாசியில் மறுபடி ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டர் அர்ச்சனா திரையைத் திருப்பிப் பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தார். பழையதில் பாதி வழிக்கு மேல் நூலாய் இளைத்திருந்த குழாய், புதியதில் கடைசி வரை முழுதாக ஓடியது.

"எங்க கிழிஞ்சுதுன்னு நானே தேட வேண்டியிருக்கு" என்றார்.

"யாரும்மா தெச்சது?" என்று புகழ்வேந்தன் கேட்டான்.

"நாங்க காவல்தான் இருந்தோம். ஆத்திக்கிட்டது அவங்க உடம்பு."

செல்வகுமாரி எழுந்து போய், ஆள்காட்டி விரலைத் திரையில் வைத்து, அந்தக் குழாயை மேலிருந்து கீழ்வரை விரலை எடுக்காமல் மெதுவாக நீவிக்கொண்டே போனாள்.