பால் விலை ஏறிய சனிக்கிழமை

மலேசியாவில் பகாவ் என்ற சிற்றூரில் ஒரு சாப்பாட்டுக் கடையின் மாடியில் சனிக்கிழமைதோறும் பொருளாதாரம் சொல்லிக்கொடுக்கிறேன். கீழே ரொட்டி சானாய் தட்டும் சத்தம், மேலே என் சத்தம். பிள்ளைகள் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்து வருகிறவர்கள். ஐந்தாம் படிவம், பதினேழு வயது. பள்ளியில் மலாயில் படிக்கும் பாடத்தை என்னிடம் தமிழில் கேட்டுப் புரிந்துகொண்டு போவார்கள் என்பதுதான் ஏற்பாடு. கடைக்கார பாய் மாடியைச் சும்மா கொடுத்திருந்தார். ஆனால் பிள்ளைகள் ஒவ்வொரு பள்ளிச் சோதனையிலும் கோட்டைவிட்டுக்கொண்டே இருந்ததில் அவருக்கும் அலுத்துப்போனது. அடுத்த சோதனையிலும் இதே கதை என்றால் மாடியில் அரிசி மூட்டை அடுக்கிக்கொள்வதாகச் சொல்லிவிட்டார்.

அவர் மேல் எனக்கு வருத்தமில்லை. அரிசி மூட்டையாவது போட்ட இடத்தில் பயனோடு இருக்கும். எனக்குக் கோபமெல்லாம் பிள்ளைகள் மேல்தான். விலை ஏறினால் மக்கள் வாங்குவது குறையும். இதைவிட எளிதான விதி இருக்கிறதா? இவர்களோ விலை ஏறினால் தேவையும் ஏறும் என்று கூசாமல் எழுதிவைத்தார்கள். ஒருவர் இருவர் என்றால் பரவாயில்லை, மொத்த வகுப்பும் அப்படித்தான். கீழே இறங்க வேண்டிய கோடு எல்லார் தாளிலும் மேலே ஏறியது. ஒவ்வொரு முறையும் எனக்கு மண்டை காய்ந்தது. இந்த வகுப்பு போய்விட்டால் இவர்களுக்குத் தமிழில் சொல்லித்தர அக்கம்பக்கத்தில் வேறு ஆளில்லை என்ற பயமும் கூடவே இருந்தது.

அன்றாடச் செய்தியோடு சேர்த்துச் சொன்னால் புரியும் என்று நினைத்து வாராவாரம் நாளிதழ் கொண்டுபோனேன். வட்டி விகிதம், ரிங்கிட்டின் மதிப்பு, எங்கோ ஒரு கடலில் கப்பல்கள் சுற்றிப் போவது என்று ஒன்றையும் விடவில்லை. பிள்ளைகள் மரியாதையாக வாயைப் பொத்திக்கொண்டு கொட்டாவி விட்டார்கள். நான் சிரம்பான் நகரில் லோபாக் பக்கம் பிறந்து வளர்ந்தவள். எனக்குத் தெரிந்த தோட்டம், பகாவுக்குக் காரில் வரும்போது இரண்டு பக்கமும் ஓடுகிற மரங்கள்தான்.

அந்தச் சனிக்கிழமை வழியில் வானொலிச் செய்தியில் பால் விலை ஏறுகிறது என்றார்கள். எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. எல்லார் வீட்டு அடுப்படிக்கும் வருகிற செய்தி அல்லவா. வகுப்புக்குள் நுழைந்ததும் வெள்ளைப் பலகையில் ‘பால் விலை ஏறுகிறது’ என்று பெரிதாக எழுதி, இனி உங்கள் வீட்டில் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். குறைத்து வாங்குவோம் என்ற பதிலுக்காகக் காத்து நின்றேன்.

முன்வரிசையில் இருந்த பெண் முகமெல்லாம் சிரிப்பாக எழுந்தாள். வகுப்பில் அவள்தான் வாயாடி.

“ஞாயித்துக்கெழமையும் வேலைக்குப் போவோம் டீச்சர்.”

ஒரு டம்ளர் பாலுக்காக ஓய்வு நாளிலும் உழைக்கிற குடும்பமா என்று எனக்குக் கண் கலங்கியேவிட்டது. இதை எப்படி இவ்வளவு சந்தோஷமாகச் சொல்கிறாள் என்றுதான் விளங்கவில்லை. பக்கத்தில் இருந்த பையனைக் கேட்டேன். ஆட்டுக்கறி எடுப்போம் என்றான். பால் விலை ஏறினால் ஆட்டுக்கறியா என்று அதட்டினேன். இன்னொருவன், அப்போதுதான் அப்பா நல்ல மனநிலையில் இருப்பார், பள்ளிக்குப் போட்டுப் போகப் புதுச் சப்பாத்து கேட்கலாம் என்றான். வகுப்பே ஆமாம் என்று தலையாட்டியது. எல்லாரும் சேர்ந்து என்னைக் கிண்டல் செய்கிறார்கள் என்றே முடிவு செய்து பேனாவை மேசைமேல் எறிந்தேன்.

அந்த வாயாடிதான் என் முகத்தைப் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டாள்.

“டீச்சர், நீங்க சொல்றது டீல ஊத்துற பாலா? நாங்க காட்டுப் பால்னு நெனச்சிட்டோம் லா.”

அவர்கள் தோட்டத்தில் வெறுமனே பால் என்றால் அது ரப்பர் மரத்தில் வடிகிற பால். டீயில் ஊற்றுவதற்கு டப்பா பால் என்று தனியாகப் பெயர் சொல்ல வேண்டும். பால் விலை ஏறினால் அப்பா அம்மா ஓய்வு நாளிலும் மரம் வெட்ட, அதாவது பட்டையைச் சீவிப் பால் எடுக்கப் போவார்கள், வீட்டில் கறி மணக்கும். எண்ணெய்க்காகச் செம்பனைக் குலை வெட்டுகிற வீடுகளில் பழ விலைக்கும் இதே கதைதான். பிறந்ததிலிருந்து இவர்கள் காதில் விழுந்த விலைச் செய்தி எல்லாம் விற்கிறவர் வீட்டுச் செய்தி. அங்கே விலை ஏறினால் சரக்கும் ஏறும். விற்கிறவருடைய கோட்டை இத்தனை மாதமும் ஒழுங்காகத்தான் போட்டிருக்கிறார்கள். கேள்விதான் வாங்குகிறவரைப் பற்றியது.

நாற்காலியில் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தேன். அப்பாடா என்றிருந்தது. என் பிள்ளைகள் மக்குகள் இல்லை, நானும் உருப்படாத டீச்சர் இல்லை.

என்ன சிரிப்பு என்று பார்க்க பாய் மேலே வந்தார். டப்பா பால் விலை ஏறினால் என்ன செய்வீர்கள் என்று அவரிடமே கேட்டோம். கொஞ்சம் குறைத்து வாங்கி, கொஞ்சம் குறைத்து ஊற்றுவேன் என்றார். அதனால்தான் டீ தண்ணியாக இருக்கிறது என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. பலகையில் காட்டுப் பாலுக்கு ஏறுகிற கோடும் பாய் வாங்கும் பாலுக்கு இறங்குகிற கோடும் போட்டேன். இனி எந்தக் கேள்வியானாலும் முதலில் பக்கத்தில் ஓர் எழுத்து எழுத வேண்டும் என்றேன். வாங்குகிறவர் என்றால் ‘வா’, விற்கிறவர் என்றால் ‘வி’. அதற்கப்புறம்தான் கோட்டில் கை வைக்க வேண்டும்.

சோதனை முடிந்த கொஞ்ச நாளில் வாயாடி அழுதுகொண்டே போன் செய்தாள். எங்கள் வகுப்புப் பிள்ளைகளின் தாள்களைப் பள்ளியின் பொருளாதார ஆசிரியர் தனியே எடுத்து வைத்துவிட்டாராம். எல்லாத் தாளிலும் ஒரே மாதிரி இரண்டு குறிகள் இருக்க, காப்பி அடித்திருக்கிறார்கள் என்று சந்தேகப்படுகிறாராம். பாயின் அரிசி மூட்டை போகட்டும், பிள்ளைகளுக்குத் திருட்டுப் பட்டம் வாங்கிக் கொடுத்துவிட்டேனே என்று ஆடிப்போனேன்.

மறுநாளே பள்ளிக்குப் போனேன். ஆசிரியர் மலாய்க்கார இளைஞர், பொறுமைசாலி. அவர் மேசையில் தாள்கள் பரப்பிக் கிடந்தன. எனக்குத் தெரிந்த மலாயில் காட்டுப் பாலிலிருந்து பாயின் டீ வரைக்கும் மூச்சுவிடாமல் சொன்னேன். அவர் தாள்களை ஒரு முறை புரட்டிப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார், கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொள்கிற அளவுக்கு. எல்லாரும் தேறிவிட்டார்கள், அதனால்தான் தனக்குச் சந்தேகமே வந்தது என்றார்.

நல்ல வழியாக இருக்கிறதே, மற்ற பிள்ளைகளுக்கும் சொல்லித் தரலாமே என்று மலாயில் எழுதிப் பார்த்தார். பெம்பெலி, வாங்குகிறவர். பெஞ்சுவால், விற்கிறவர். இரண்டும் ஒரே எழுத்தில் தொடங்கியதால் அது உதவவில்லை. அந்த இரண்டு தமிழ் எழுத்துகளையும் எப்படி எழுதுவது என்று என்னிடமே கேட்டார்.

பாய் மாடியைப் பற்றி அதன்பின் பேசவே இல்லை. அரிசி மூட்டைகள் இன்னும் கீழேதான் இருக்கின்றன. போன வாரம் வாயாடி தன் போனில் ஒரு படம் காட்டினாள். பள்ளி வகுப்பறைப் பலகையில் அந்த ஆசிரியர் எழுதிய ‘வா’வும் ‘வி’யும். மலாய்ப் பிள்ளைகளும் சீனப் பிள்ளைகளும் இப்போது அப்படியே எழுதுகிறார்களாம். ‘வி’யின் சுழி தவறான பக்கம் வளைந்து கிடந்தது. தாள் திருத்திப் பழகிய கை, சும்மா இருக்குமா. ஆனாலும் மனதுக்குள் அவருக்கு முழு மதிப்பெண் போட்டுவிட்டேன்.