கேசரிக்கு அழுத தாய்மாமன்

நான் வேலை செய்யும் நெதர்லாந்தின் உத்ரெக்டில் பிறந்தநாள்காரரே கேக் வாங்கிவந்து எல்லோருக்கும் தர வேண்டும். சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்தரைக்கு, பக்கத்து மேசை ஆன்னா தன் பிறந்தநாள் கேக் தட்டை நீட்டினாள். நான் டப்பாவைத் திறந்து பச்சைக் கேரட்டைக் காட்டி, "எனக்கு இதுவே அதிக இனிப்பு" என்றேன். என் டச்சு மொழியில் ஏதோ பிசகிவிட்டது. "என்னைப் பிடிக்காவிட்டால் நேராகச் சொல்லலாமே" என்று போய்விட்டாள். அதற்குப் பத்து வாரம் முன்பு, விடுப்பில் போன சொந்த ஊர் மஞ்சக்குட்டையிலும் இதே குற்றச்சாட்டு. அங்கே பேசியது தமிழில்தான்.

சர்க்கரை நோய் எட்டிப் பார்த்ததால் பேலியோ தொடங்கியிருந்தேன். தானியம், சர்க்கரை, வெல்லம் கிடையாது. முட்டை, கறி, காய், பாதாம் உண்டு. எது எப்படி ருசித்தது என்று தினமும் நோட்டில் குறித்தேன். பதினெட்டாம் நாள், எல்லாமே காகிதம். நாற்பத்தொன்றாம் நாள், வெங்காயம் இனித்தது. அறுபத்தாறாம் நாள், கேரட் அல்வாவாகிவிட்டது. எண்பதாம் நாள் மறதியாக வாயில் போட்ட பிஸ்கட்டின் இனிப்பு மண்டைவரை குத்தியது. சின்ன வயதில் வெல்லப் பானைக்குள் கைவிட்டு மாட்டியவன் நான். அக்காவுக்கு இன்றும் நான் அந்தப் பையன்தான்.

அக்கா மகள் நிவேதாவுக்குக் கிளியூரில் மாப்பிள்ளை பார்த்து, உறுதி செய்ய அவர்கள் மஞ்சக்குட்டைக்கு வந்திருந்தார்கள். எங்கள் வழக்கப்படி தாய்மாமன் முதல் வாய் இனிப்பு சாப்பிட வேண்டும். பிறகு மாப்பிள்ளையின் அப்பா பெண் வீட்டில் கை நனைக்க வேண்டும், அதாவது ஏதாவது சாப்பிட வேண்டும். சாப்பிட்டால் சம்பந்தம் உறுதி. சாப்பிடாமல் எழுந்தால் அவ்வளவுதான். நிவேதாவுக்குப் பையனைப் பிடித்திருந்தது. "மாமா, சொதப்பிராதீங்க" என்று காலையிலேயே சொல்லியிருந்தாள்.

அக்கா நெய் வழிய ஒரு கரண்டி கேசரி கொடுத்தாள். வாயில் போட்டதும் கண் தானாக மூடிக்கொண்டது. தாடை ஒரு பக்கம் இழுத்தது. கண்ணீர் வந்தது.

மாப்பிள்ளையின் அப்பா தட்டை நகர்த்தி வைத்தார். "ஏனுங்க, மாமனுக்கு இந்தச் சம்பந்தம் புடிக்கலீங்களாட்ட இருக்குது?"

"ஐயோ, நொம்பப் புடிச்சிருக்குதுங்க. நான் பேலியோவுல இருக்கறனுங்க."

"அடடா. எந்தக் காலுங்க?"

"காலு இல்லீங்க, சாப்பாடு!"

அவர் மனைவி அக்காவிடம் குனிந்து, "ஏனுங்க, இது உங்க ஊட்டுல பரம்பரையா வருமுங்களா?" என்று கேட்டார். அறைக் கதவோரம் நிவேதாவின் முகம் வெளுத்தது.

"கேரட்டுத் தின்னா அல்வாவாட்டம் இருக்குதுங்கற ஆளுங்க இவுரு!" என்றாள் அங்கிருந்தே. "நாக்குத்தான் மாறிப்போச்சுங்க, மனசு இல்லீங்க!"

"கேரட்டு இனிக்குமா கண்ணு?" என்று அவளிடம் கேட்டார் மாப்பிள்ளையின் அப்பா.

மலையடிவாரத்தில் பஸ் நின்றபோது வாங்கிய கேரட் என் பையில் இருந்தது. ஒன்றைக் கழுவி, பாதி கடித்து முகம் மலர்ந்தேன். மறு பாதியை அவர் சந்தேகத்தோடு வாங்கி, வெகுநேரம் மென்று விழுங்கினார். "சப்புன்னுதானுங்க இருக்குது."

அக்கா எழுந்து நின்றாள். "கை நனைச்சுட்டீங்க சம்பந்தி!"

அவர் கையிலிருந்த காம்பைப் பார்த்தார். பிறகு குலுங்கிச் சிரித்தார். "சரிங்க. ஆனா ஒண்ணு. கல்யாணத்தன்னிக்கு வீடியோ முன்னால மாமன் சிரிச்சுக்கிட்டே ஜிலேபி திங்கோணும்."

வைகாசியில் கல்யாணம். ஆகவே பயிற்சி செய்கிறேன். தினமும் அரைக் கரண்டி சர்க்கரை, கைப்பேசியில் முகத்தைப் பார்த்தபடி. நோட்டில் இடப்பக்கம் உத்ரெக்ட், கேரட் இனிக்கும் நாக்குக்கு; வலப்பக்கம் மஞ்சக்குட்டை, இனிப்புக்குச் சுளிக்காத முகத்துக்கு. இருபத்துமூன்றாம் நாளான நேற்று இடப் புருவம் அசையவில்லை. வலப் புருவம் இன்னும் துடிக்கிறது. அந்தப் பயிற்சியை அலுவலக அடுக்களையில் செய்துகொண்டிருந்தபோது ஆன்னா உள்ளே வந்தாள். வாய் நிறையச் சர்க்கரை. பேச வழியில்லாமல் சிரித்தேன். அவள் கரண்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், கதவை மெல்லச் சாத்திவிட்டுப் போனாள்.

வாய் கொப்பளித்துவிட்டுக் கேரட்டைக் கடித்தேன். சற்றுச் சப்பென்று இருந்தது. அதை எந்தப் பக்கத்தில் எழுதுவது என்று தெரியாமல் நோட்டைத் திறந்தே வைத்திருக்கிறேன்.