கோணல் கால்கள்

எங்கள் நீச்சல் குளத்தைச் சுத்தம் செய்கிறவருக்கு நாங்கள் வைத்த பெயர் கொக்கு. நீண்ட வலைக்கழியைப் பிடித்துக்கொண்டு கரையில் அசையாமல் நிற்பார். யாருடைய தோடு விழுந்தாலும் ஒரே முயற்சியில் எடுத்துவிடுவார்.

"தண்ணிக்குள்ள கழி ஒடிஞ்ச மாதிரிதான் தெரியும். கையைப் பாக்காதே, நுனியைப் பாரு" என்பார். நான்கடி ஆழம் கண்ணுக்கு மூன்றடியாகத்தான் தெரியும் என்று, வாசலில் டிக்கெட் கிழிக்கிற என்னையும் விடாமல் பிடித்துவைத்துச் சொல்வார்.

இருபது வருடமாக அவர் மூடி மறைத்த சங்கதி ஒன்று உண்டு. மனிதருக்கு நீந்தத் தெரியாது. எனக்கு மட்டும்தான் தெரியும். வீட்டில்கூடச் சொன்னதில்லை.

அவர் மனைவியை நான் அண்ணி என்பேன். விபத்தில் முறிந்த இடது கால் கோணலாகக் கூடியபின் அண்ணி வாசலைத் தாண்டவில்லை. தண்ணீரில் நடக்காவிட்டால் கால் முடங்கிவிடும் என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். "இந்தக் காலை நாலு பேர் பாக்கணுமா?" என்று அழுதார் அண்ணி.

குளத்துக்கு விடுமுறையான நாளொன்றில், யாரும் இல்லாத நேரமாகப் பார்த்துக் கொக்கு அவரை அழைத்து வந்தார். கண்ணாடிக் கூரை வழியே இறங்கிய வெயில், குளத்தின் அடியில் வலை வலையாக நெளிந்துகொண்டிருந்தது. பார்த்துக்கொண்டே இருந்தால் நேரம் போவதே தெரியாது. அண்ணியும் ஊன்றுகோலைப் பக்கத்தில் வைத்துவிட்டு, காலைத் துண்டால் மூடிக்கொண்டு வெகுநேரம் அதையே பார்த்திருந்தார்.

"நீங்க முதல்ல இறங்குங்க" என்றார் கடைசியில்.

கொக்கின் முகம் வெளிறிவிட்டது. என்னைப் பார்த்தார். நான் ஏன் வாயைத் திறக்கப்போகிறேன்? ஒரு படி இறங்கினார், இரண்டாவதும் இறங்கினார். மூன்றாவது படி இதோ இருக்கிறது என்று கண்ணை நம்பிக் காலை வைத்தார், ஊருக்கெல்லாம் பாடம் எடுத்த மகராசன். படி அங்கே இல்லை. தொபுக்கடீர்!

"ஐயோ, என்னங்க!" அண்ணி துண்டை உதறிவிட்டு இறங்கி, சட்டைக் காலரைப் பிடித்துத் தூக்கினார். இடுப்பளவுத் தண்ணீர்தான்.

"உங்களுக்கு நீச்சல் தெரியாதா?"

"தெரியாது" என்றார் கொக்கு, இருமிக்கொண்டே.

அண்ணி விழுந்து விழுந்து சிரித்தார். சிரிப்பு அடங்கியபோதுதான் ஊன்றுகோல் கரையில் கிடப்பது கண்ணில் பட்டது. சட்டென்று குனிந்து பார்த்தார். நீருக்குள் நான்கு கால்கள், எல்லாமே குட்டையாகி, ஒடிந்து, மெல்ல அலைந்துகொண்டிருந்தன.

"உங்க கால் என் காலைவிடக் கோணலா இருக்கே!"

"தண்ணிக்குள்ள எல்லார் காலும் அப்படித்தான். வா, நடக்கலாம்."

நடந்தார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. "கையை விட்டுடாதே, விட்டுடாதே" என்று மறுகரை வரைக்கும் கெஞ்சிக்கொண்டே போனது கொக்குதான்.