இடது கை தூக்கும் டீச்சர்

பதினாறு வருட மேடை வாழ்க்கையில் ஷெமிக்கு ஒரே ஒரு ஆசைதான் நிறைவேறாமல் நின்றது. நடு இடம். சுவாமிதாஸ் மாஸ்டரின் நடனக் குழுவில் இரண்டாம் வரிசை, இடது ஓரம், அதுதான் அவளுக்கு எழுதி வைத்த இடம். நெடுமங்காட்டிலிருந்து பாறசாலை வரை அவள் ஆடாத திருவிழா மேடை கிடையாது; வீடியோவில் பார்த்தால் பாதி முகமும் ஒரு கையும் தெரியும். முப்பத்தைந்து வயதானதும் மாஸ்டர் சத்தமில்லாமல் அழைப்பதை நிறுத்திக்கொண்டார். ஏன் என்று கேட்டுக்கொண்டு நிற்கிற ஆளா ஷெமி? அடுத்த மாதமே விழிஞ்ஞத்தில் வீட்டுக்குப் பக்கத்து வாசகசாலையின் மாடி ஹாலைக் கேட்டு வாங்கி, சனிக்கிழமை நடன வகுப்பு தொடங்கிவிட்டாள்.

முதல் வகுப்பு படுதோல்வி. பிள்ளைகளைப் பார்த்து நின்று வலது கையைத் தூக்கினாள். எதிரே நின்ற ஆறு பேரும் இடது கையைத் தூக்கினார்கள்.

"அந்தக் கை இல்ல மக்களே, மத்த கை."

பாதிப் பேர் கையை மாற்றினார்கள், மீதிப் பேர் இரண்டு கையையும் தூக்கினார்கள். சரி, திரும்பி நின்று முதுகைக் காட்டி ஆடலாம் என்றால் பின்னால் ஒரே அடிதடி. இத்தனை வருடம் ஆடியவளுக்கு ஒரு மணி நேரம் சொல்லிக்கொடுக்கத் தெரியவில்லை. அழுகையும் வந்தது, ரோஷமும் வந்தது. ரோஷம்தான் ஜெயித்தது.

தனக்குத் தெரிந்த ஆட்டம் முழுவதையும் இடம் வலமாக மாற்றி, முதலிலிருந்து படித்தாள். புதிதாகக் கற்பதுகூட சுலபம். உடம்பில் ஊறிப்போனதைத் திருப்பிப் போடுவது இருக்கிறதே, அது தனிப் பாடு. அடுப்படியிலும் மொட்டை மாடியிலுமாக ஆறு மாதம் ஆயிற்று. துறைமுகத்தில் லாரி ஓட்டும் கணவன் அனிலுக்கு நல்ல வேடிக்கை.

"நீ இப்போ சாயாகூட இடக்கையிலயாக்கும் தாற, கேட்டியா."

கேலி செய்தால் செய்துகொள்ளட்டும். அதன் பிறகு அவள் இடது கையைத் தூக்கினால், எதிரே வலது கைகள் தவறாமல் எழுந்தன. மூன்று வருடத்தில் ஆறு பிள்ளைகள் இருபத்திரண்டு ஆனார்கள்.

அப்போதுதான் மாஸ்டர் போன் செய்தார். நடுவில் ஆடுகிற பெண்ணுக்குக் கால் முறிந்துவிட்டதாம். விழிஞ்ஞத்தில் ஒரு கிளப்பின் ஓண விழா, நாலு நாள்தான் இருக்கிறது. பழைய ஆட்டம், ஷெமிக்கு அத்துப்படி.

"இது நல்லா வந்தா மார்ச் வரைக்கும் நடு இடம் உனக்குத்தான். எல்லா சனிக்கிழமையும் புரோக்ராம் உண்டு."

சனிக்கிழமை என்றால் வகுப்பு போய்விடும். அது அவளுக்குத் தெரியாமலில்லை. ஆனாலும் எத்தனை வருடத்து ஆசை. "வாறேன் மாஸ்டர்" என்று சொல்லிவிட்டாள். ஒத்திகையில் சுவர்க் கண்ணாடியைப் பார்த்துக் குழுவோடு ஆடினாள். ஒரு பிசகும் இல்லை.

விழா மாலையில் திரை விலகியது. நடுவில் ஷெமி, பின்னால் எட்டுப் பெண்கள். எதிரே முதல் வரிசையில், பாய் விரித்து, அவளுடைய இருபத்திரண்டு பேரும். எப்படியோ மோப்பம் பிடித்து வந்து இடம் போட்டுவிட்டார்கள். அந்த ஆட்டம் அவர்களுக்கும் பாடம். பாட்டு தொடங்கியதும் சும்மா இருப்பார்களா? உட்கார்ந்தபடியே வலது கையைத் தூக்கினார்கள்.

அந்த முகங்களைக் கண்டதும் ஷெமியின் உடம்பு அவள் பேச்சைக் கேட்கவில்லை. இடது கை எழுந்தது. பின்னால் எட்டுப் பேரும் வலது கை. சட்டென்று மாற்றி வலது கையைத் தூக்கினாள். கீழே, எட்டு வயது ஸ்நேகா குழம்பிப்போய்த் தன் இரண்டு கைகளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

அதைப் பார்த்துக்கொண்டு ஷெமியால் ஆட முடியவில்லை. மறுபடி இடது கைக்கே போனாள். பாட்டு முடியும்வரை குழுவுக்கு நேர் எதிராக, ஓர் அடி பிசகாமல் ஆடி முடித்தாள்.

மேடைக்குப் பின்னால், திட்டு வாங்கத் தயாராக நின்றாள். மாஸ்டர் சிரித்துக்கொண்டு வந்தார். நடுவில் ஒருத்தியை மட்டும் எதிராக ஆடவிட்டது பெரிய புதுமை என்று கிளப் செயலாளர் கையைப் பிடித்துக் குலுக்கினாராம்.

"இனி அப்படியே வச்சுக்கிடுவோம் ஷெமி. வாற சனிக்கிழமை ஆற்றிங்கல்ல புரோக்ராம்."

அவள் வாயைத் திறக்குமுன் ஸ்நேகா ஓடி வந்து கையைப் பிடித்தாள். முகத்தில் அவ்வளவு வருத்தம்.

"டீச்சரே, பின்னால நின்ன அக்காமாரு எல்லாரும் தப்பாக்கும் ஆடினாவ. அவியளுக்கு ஆரும் சொல்லிக்கொடுக்கலியா?"

பதினாறு வருடக் கைதட்டலில் வராத பெருமை அப்போது வந்தது ஷெமிக்கு. குழந்தையின் கையை விடாமலே மாஸ்டரிடம் திரும்பினாள்.

"சனிக்கிழமை எனக்கு கிளாஸ் உண்டு மாஸ்டர். அந்த அக்காமாரையும் வேணும்னா அனுப்பி வையுங்க, சொல்லிக்கொடுக்கேன்."