பேசாத அண்ணனின் ஸ்டெம் செல்

ஸ்டெம் செல் சிகிச்சைக்கு ஆட்களைத் தயார்செய்யும் என் உத்தியோகத்தில், மருத்துவம் கொஞ்சம் தெரிந்தால் போதும், குடும்பச் சண்டை முழுசாகத் தெரிய வேண்டும். சொந்தக்காரர்களைச் சமாதானப்படுத்தி அலுத்துப்போனவர்களுக்கு நான் சொல்வது புரியும். ஆஸ்பத்திரி கோவையில், எனக்கு ஊர் குன்னூர் என்பதால் மலைமேல் இருக்கும் கேஸெல்லாம் என் தலையில்தான் விழும்.

முதுகெலும்பு

கீழ் கோத்தகிரி எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கும் சாந்திக்கு ரத்தப் புற்றுநோய். புது ரத்தத்தை உண்டாக்கும் ஸ்டெம் செல்லை யாராவது கொடுத்தால்தான் பிழைப்பாள். கூடப் பிறந்தவர்களுடையது பொருந்த வாய்ப்பு அதிகம். அவளுக்கு இருப்பதோ ஒரே அண்ணன், தேயிலை ஃபேக்டரியில் வேலை பார்க்கும் மணி. சாந்தி தன் இஷ்டத்துக்குக் கல்யாணம் செய்துகொண்ட நாளிலிருந்து அவளோடு பேச்சே கிடையாது.

பரிசோதனைக்குக் கன்னத்தின் உட்புறம் பஞ்சால் தடவ வேண்டும் என்றதும் மணி மறுபேச்சில்லாமல் வாயைத் திறந்தார். பொருந்தியும் விட்டது. அப்புறம்தான் பயம் பிடித்துக்கொண்டது, முதுகெலும்பில் ஓட்டை போடுவோம் என்று யாரோ கிளப்பிவிட்டிருந்தார்கள். ஒரு கையிலிருந்து ரத்தம் எடுத்து, மெஷினில் ஸ்டெம் செல்லை மட்டும் பிரித்துக்கொண்டு, மிச்சத்தை மறு கை வழியாகத் திருப்பி ஏற்றிவிடுவோம் என்று விளக்கினேன். கேட்டுவிட்டுத் தலையாட்டினார் மணி.

"தர்றேனுங்க. ஆனா அவகிட்டப் பேசச் சொல்லாதீங்க."

கவாத்து

செல்லை ஏற்றுவதற்கு முன் நோயாளியின் ரத்தம் ஊறும் பழைய எலும்பு மஜ்ஜையை மருந்து கொடுத்து அழிக்க வேண்டும். அப்போது உடம்பில் எதிர்ப்பு சக்தி என்று ஒன்றுமே இருக்காது, சாதாரணச் சளிகூட ஆளை முடித்துவிடும். இதைச் சாந்தியின் புருஷன் ராசுவுக்குப் படம் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தேன். மனுஷன் படத்தைப் பார்க்கவேயில்லை.

"கவாத்து பண்றாப்பலதானுங்க. செடியை மொட்டையா வெட்டிப்போட்டா, துளிர் வர்ற வரைக்கும் வயித்துல நெருப்பைக் கட்டிக்கிட்டுத்தான் இருக்கோணும்."

ஆரஞ்சுப் பழம்

மணி கொடுத்த செல் துளிர்த்தது. வெள்ளை அணுக்கள் ஏறின, சாந்தி வீடு திரும்பினாள். யாரும் அவளைப் பார்க்க வரக்கூடாது என்பது டாக்டர் உத்தரவு. எஸ்டேட் லைன் வீடுகளில் சீக்காளியைப் போய்ப் பார்க்காமல் இருப்பதைப்போல் பாவம் வேறில்லை. ஆரஞ்சும் ஹார்லிக்ஸுமாக வந்தவர்களை வாசலிலேயே மறித்துத் திருப்பி அனுப்பினேன்.

நேரே மணி வீட்டுக்குப் போய்விட்டார்கள். போய்ப் பார்த்தால் கல்லுக்குண்டாட்டம் இருக்கிற மனுஷன், பழக்கூடைகளுக்கு நடுவே கூச்சத்தோடு உட்கார்ந்திருக்கிறார். என்ன கூத்து இது என்றேன். அடுத்த வீட்டு மாரியம்மாள்தான் பதில் சொன்னாள்.

"ஏனுங்க, அவ உடம்புல இவன் ரத்தந்தானே ஓடுது? இவனைப் பாத்தாலும் ஒண்ணுதானுங்களே."

வேற்றாள்

சில மாதம் கழித்துச் சாந்திக்குத் தோலெல்லாம் தடிப்பு, நிற்காத வயிற்றுப்போக்கு. இவ்வளவு தூரம் வந்து கைவிட்டுப் போய்விடுவாளோ என்று நான் பயந்துவிட்டேன். மணியிடமிருந்து புதிதாகப் போன எதிர்ப்பு அணுக்கள் அவள் உடம்பையே வேற்றாள் என்று நினைத்துத் தாக்கின. சிலருக்கு அப்படி ஆகும். மறுபடி ஆஸ்பத்திரியில் சேர்த்து, மருந்து கொடுத்து மெல்ல அடக்கினார்கள்.

விஷயத்தை மணியிடம் சொன்னேன். "என்னோட செல்லா அவளைப் படுத்துது?" என்று கேட்டவர், அன்றைக்கே லீவு போட்டுவிட்டுக் கோவைக்கு பஸ் ஏறினார். மாஸ்க் மாட்டிவிட்டு, தூர நின்றே பாருங்கள் என்று உள்ளே விட்டேன். கட்டிலுக்கு அந்தப்பக்கம் நின்று, மாஸ்க்குக்குள்ளிருந்தே தங்கச்சியிடம் பேசினார்.

"நான் பேசாமத்தான் இருந்தேன் புள்ள. உன்னையப் படுத்தோணும்னு ஒரு நாளும் நெனைக்கல."

செல் சில வாரத்தில் ஒட்டிக்கொள்கிறது, கொடுத்தவர் ஒட்டிக்கொள்ளத்தான் எங்கள் வேலையில் காலம் பிடிக்கிறது.