மூன்றாம் லயம், ஒன்பதாம் காம்பரா

அடுத்தவர்களின் பழைய கடதாசிகளைப் பத்திரமாக வைத்திருப்பது சுலபமான தொழில், யாராவது வந்து திருப்பிக் கேட்கும் வரைக்கும். போனில் ‘இடம் போதாது’ என்று வந்ததும் எதை அழிப்பது என்று தெரியாமல் அரை மணித்தியாலம் முழித்துக்கொண்டு இருந்திருப்பீர்கள் அல்லவா? அதையே சம்பளத்துக்குச் செய்கிறவன் நான். யட்டியாந்தோட்டை பஜாரில் ஒரு கொமியுனிகேஷன் கடையில் வேலை. போட்டோ கொப்பி, போனுக்குக் காசு போடும் ரீலோட், அதோடு தோட்டத்துச் சனங்களின் பத்திரங்களை ஸ்கேன் செய்து இணையக் களஞ்சியம் ஒன்றில் போட்டு வைப்பது.

மூன்று விளம்பரங்கள்

அந்தக் களஞ்சியம் பழைய மாதிரி. ஏதோ ஒரு வெளிநாட்டுக் கம்பனி நடத்துவது. ஒரு திங்கட்கிழமை காலையில் அவர்களிடமிருந்து மின்னஞ்சல் வந்தது: இந்தச் சேவையை மூடுகிறோம், புதிய சேவைக்கு மாறிக்கொள்ளுங்கள், ஞாயிற்றுக்கிழமைக்குள் எடுக்காதவை அழிக்கப்படும். இதற்கு முன்பும் மூன்று தடவை எழுதியிருந்தார்கள். விளம்பரம் என்று நினைத்து முதலாளி திறக்கவே இல்லை.

அன்றைக்கே ஸ்டெல்லா அக்கா வந்தார். றப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவர். வெளிநாட்டில் ஒரு ஹோட்டல் சமையலறையில் வேலை சரிவந்திருக்கிறது, பாஸ்போர்ட் வேண்டும், அதற்குப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் பிறந்தவர், அந்தப் பிறப்பை யாரும் பதியவில்லை. பிறந்த தேதிக்கு இருந்த ஒரே சாட்சி ஞானஸ்நானக் கடிதம். அது நனைந்து கூழாகிவிட்டது. ஞானஸ்நானம் கொடுத்த கோயிலின் பதிவுப் புத்தகத்தில் அந்தப் பக்கத்தைக் கறையான் தின்றுவிட்டது. எங்களிடம் ஸ்கேன் செய்தது மட்டும் மிச்சம். அடுத்த திங்கள் பிரதேச செயலகத்தில் அதைக் காட்ட வேண்டும்.

கடை வாசல் போர்டில் ‘உங்கள் பத்திரங்கள் எந்நாளும் எங்களிடம்’ என்று இருக்கிறது. முதலாளி சிங்களவர், எங்களோடு பழகிப் பழகித் தமிழ் கற்றுக்கொண்டவர்; தம்பி என்பதற்கு மட்டும் இன்னும் ‘மல்லி’தான். மின்னஞ்சலையும் போர்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “மல்லி, அந்தக் கம்பனிக்காரன் அவன்ட போர்டுல என்ன எழுதியிருந்தான்னு கேட்டுப் பாரு.”

எந்த பஸ்?

பழைய களஞ்சியத்திலிருந்து ஒன்றை எடுக்க விண்ணப்பம் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். ஐந்து மணித்தியாலமாவது ஆகும். என்னென்ன இருக்கின்றன என்ற பட்டியலைக் கேட்டதற்கு, அதுவே மறுநாள்தான் வந்தது. பெயர் கிடையாது. நீண்ட நீண்ட எண்கள், பக்கத்தில் எனக்கு முன்னால் இங்கே வேலை செய்த குமுதினி எழுதிய சிறு குறிப்பு. ‘மூன்றாம் லயம், ஒன்பதாம் காம்பரா’ என்று இருந்ததைப் புதன்கிழமை காலையில் கேட்டு அனுப்பினேன். அந்த அறைதான் ஸ்டெல்லா அக்காவின் வீடு.

அது வரும் முன்பே அதை வாங்கிப்போக அவருடைய தாய்மாமன் சவரிமுத்து வந்தார். என் குரல் எப்போதும் தாழ்ந்துதான் வரும். ஐந்து மணித்தியாலம் ஆகும் என்றதைக் காதில் கையை வைத்துக்கொண்டு மூன்று தடவை கேட்டார். அந்தக் கடதாசி இப்போது எங்கே இருக்கிறது, அங்கே ஆள் இருக்கிறார்களா, ராக்கையில் அடுக்கியிருக்கிறார்களா என்று ஒவ்வொன்றாக விசாரித்தார். எனக்கும் அதெல்லாம் தெரியாது, தெரிந்துகொள்ள ஆசைதான். கடைசியில் எழுந்து வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து சொன்னார்: “அஞ்சு மணித்தியாலத்தில நான் கொழும்புக்குப் போயி டீ குடிச்சிட்டு வந்திருவேன். எந்த பஸ்ல ஏத்தி விட்டிருக்கீங்க?”

சுவரில் இருந்த பெயர்

வந்து இறங்கியது கடிதம் இல்லை. ஒரு கல்யாணப் போட்டோ. மாப்பிள்ளைக்கு ஊரெல்லாம் தெரிகிற பெரிய மீசை, பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு நிற்கிறாள். பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்திருந்தார்கள்: ‘ராஜு – புஷ்பம்’.

குமுதினி மேல் தப்பில்லை. தோட்டத்தில் ஒருவரை ‘யாரு’ என்று கேட்டால் லயத்தையும் காம்பராவையும்தானே சொல்கிறோம்? பதிவுப் பெயரைச் சொன்னால் பக்கத்து வீட்டுக்காரருக்கே தெரியாது. ஆனால் ஆட்கள் மாறுவார்கள், காம்பரா அங்கேயே இருக்கும். வியாழக்கிழமை ஸ்டெல்லா அக்கா நேரிலேயே வந்தார். ஏசுவார் என்று நினைத்தேன். அவரோ போட்டோவைக் கண்ணுக்குக் கிட்டே வைத்து வெகு நேரம் பார்த்தார். “எங்க அடுப்படிச் சுவருல, நாங்க குடிவர முன்னமே ஆணியால கீறி வச்சிருக்கிற பேரு இதுதான் தம்பி. இத்தன வருஷம் சுண்ணாம்பு அடிச்சும் போகல. இன்னைக்குத்தான் மூஞ்சியப் பார்க்கிறேன்.”

அப்புறம்?

சனிக்கிழமை வரைக்கும் ஒன்பதாம் காம்பராவின் கடிதம் கிடைக்கவில்லை. கிடைத்ததையெல்லாம் புதிய களஞ்சியத்துக்கு ஏற்றிக்கொண்டிருந்தேன். காலையிலேயே ஸ்டெல்லா அக்கா வந்து பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். ராத்திரிக் கதையை நடுவில் நிறுத்தினால் ‘அப்புறம்?’ என்று தாத்தாவை நச்சரித்து வளர்ந்தவன் நான். அந்தப் பழக்கத்தில், கடிதத்தை எப்போது கொண்டுவந்து கொடுத்தீர்கள் என்று கேட்டேன்.

“மழை வருஷம். லயத்துக்கு மேல மண்சரிவு.”

“அப்புறம்?”

“அப்புறம் என்ன, மூணு மாசம் எல்லாரும் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில. வாசல் பக்கம் மாமா வீடு, ஜன்னல் பக்கம் தெய்வானை வீடு. நாங்க கரும்பலகைப் பக்கம். அங்க இருக்கும்போதுதான் குமுதினிகிட்ட குடுத்தேன். அடுத்த வாரமே கூரை ஒழுகி, கடிதம் போச்சு.”

‘பள்ளிக்கூடம்’ என்று தொடங்கும் குறிப்புகள் எல்லாம் பிள்ளைகளின் மார்க்ஸ் ஷீட்டாக இருக்கும், நேரம் கிடைத்தால் பார்க்கலாம் என்று கடைசிக்குத் தள்ளி வைத்திருந்தேன். பட்டியலில் விரலை ஓட்டினேன். ‘பள்ளிக்கூடம், வாசல் பக்கம்.’ ‘பள்ளிக்கூடம், ஜன்னல் பக்கம்.’ அதற்குக் கீழே கரும்பலகைப் பக்கமும் இருந்தது. எல்லாவற்றுக்கும் சேர்த்து விண்ணப்பம் அனுப்பினேன். ஸ்டெல்லா அக்கா இரண்டு பஸ்ஸை விட்டார், மூன்றாவதையும் விட்டார். நான்கு மணிக்குப் பிறகு வந்து இறங்கியது. பெயர், பிறந்த தேதி, சாமியாரின் கையெழுத்து, ஓரத்தில் ஒரு வெள்ளைப் பெருவிரல் அடையாளம். அதில்தான் அவருடைய கண் நின்றது. “பலகையில எழுதுற சோக்குத் தூளு! அங்க எதத் தொட்டாலும் அதுதான் ஒட்டும்.”

புதிய முகவரி

ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்குள் கடைசிக் கோப்பும் மாறிவிட்டது. திங்கட்கிழமை பிரதேச செயலகத்தில் கடிதத்தை ஏற்றுக்கொண்டார்கள். திரும்பும் வழியில் ஸ்டெல்லா அக்கா கடைக்கு வந்தார். புதிய களஞ்சியத்தில் எல்லாவற்றையும் பதிவுப் பெயரில் வைக்கப்போகிறேன், இனிக் குழப்பமே வராது என்று கொஞ்சம் பெருமையாகச் சொன்னேன். அவர் திரைக்குக் கிட்டே வந்து தன் பெயரைப் பார்த்தார்.

“பேரப் போடு, வேணாங்கல. கரும்பலகைப் பக்கம்னும் சேர்த்துப் போட்டு வை. நான் அங்க இருந்தேன்னு வேற எந்த ஒபிஸ்லயும் எழுதல.”

இப்போது எங்கள் போர்டில் ‘எந்நாளும்’ என்ற சொல்லை மறைத்துக்கொண்டு ஒரு ரீலோட் ஸ்டிக்கர் இருக்கிறது; தற்செயலாக ஒட்டியது என்று முதலாளி சொல்கிறார், நானும் நம்புகிறேன்.